மனநோயாளிகளுக்கும் மருத்துவர் அமர்த்திய மாண்டு சுல்தான் மஹ்மூத் கில்ஜி

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வெளியூரிலிருந்து விருந்தினர் வந்தால் அவர்களை எங்கெல்லாம் அழைத்துப் போகிறோம்? கல்யாண மஹால், நெற்களஞ்சியம், யானைக்குளம், கால் வலிக்க ராஜகிரி உச்சி, பிறகு நவாப் சஅதத்துல்லாஹ் கான் பெயரால் வழங்கும் பழைய பள்ளிவாசல். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி ஒன்றுதான். அதற்குப் பிறகு நம் ஊருக்கு வருவோர் கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது.

ஒரு கோட்டையைச் சுற்றிப் பார்த்தால் அதை ஆண்டவர்கள் பணத்தை எதற்குச் செலவழித்தார்கள் என்பது தெரிந்துவிடும். மதிலுக்கு, குதிரை லாயத்துக்கு, தானியத்துக்கு, தண்ணீருக்கு, வழிபாட்டுக்குச் செலவழித்தார்கள். புத்தி தடுமாறிய மனிதனுக்காக அரசுப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கிய மன்னர் யாராவது உண்டா?

உண்டு. செஞ்சியைப் போலவே மலைமேல் மதில் சூழ்ந்த ஒரு கோட்டை நகரம் மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. அதன் பெயர் மாண்டு. மால்வா சுல்தான்கள் அதற்கு மகிழ்ச்சியின் நகரம் என்ற பொருளில் ஷாதியாபாத் என்று பெயர் வைத்தார்கள். அங்கே 1436 முதல் 1469 வரை ஆட்சி செய்த சுல்தான் மஹ்மூத் கில்ஜியின் வாழ்க்கையை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கில்ஜி என்றதும் பலருக்கு டெல்லியை ஆண்ட அலாவுத்தீன் கில்ஜிதான் நினைவுக்கு வருவார். இவர் வேறு. அலாவுத்தீன் இறந்து 120 ஆண்டுகளுக்குப் பிறகு மால்வாவில் தனி ஆட்சியை நிறுவியவர் இவர்.

அமைச்சரின் மகன்

மஹ்மூத் அரண்மனையில் இளவரசராகப் பிறந்தவர் அல்லர். அவருடைய தந்தை மலிக் முகீஸ், மால்வாவை ஆண்ட ஹோஷங் ஷா கோரியின் அமைச்சர். தந்தையின் நிழலில் வளர்ந்த மஹ்மூத் இளம் வயதிலேயே அரசுப் பணிக்கு வந்தார். போர்க்களத்தையும் வரிக் கணக்கையும் ஒன்றாகக் கற்றார். மன்னரின் நம்பிக்கையும் அவருக்குக் கிடைத்தது.

1435இல் ஹோஷங் ஷா இறந்தார். அவருடைய மகன் கஸ்னி கான், முஹம்மது ஷா என்ற பெயரில் அரியணை ஏறினார். மஹ்மூதின் சகோதரியை மணந்தவர் அவர். ஆனால் ஆட்சி நடத்தும் பொறுமை அவரிடம் இருக்கவில்லை. உறவினர்களைச் சந்தேகித்தார், குடியில் மூழ்கினார். ஓராண்டு முடிவதற்குள் நஞ்சூட்டப்பட்டு இறந்தார். அந்த நஞ்சுக்குப் பின்னால் மஹ்மூத் இருந்தார் என்றே பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். இதை மறைத்துவிட்டு அவருடைய நற்செயலை மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

அரியணையை மஹ்மூத் முதலில் தன் தந்தைக்கே கொடுக்க முன்வந்தார். முதியவர் மறுத்துவிட்டார். 1436 மே மாதம் மஹ்மூத் சுல்தானானார். தந்தையை ஆஸம் ஹுமாயூன் என்ற பட்டத்தோடு தனக்கு இணையான மரியாதையில் வைத்துக்கொண்டார். முக்கியமான காரியம் எதையும் தந்தையைக் கேட்காமல் அவர் செய்யவில்லை.

முற்றுகையில் திறந்த களஞ்சியம்

புதிய சுல்தானுக்கு எதிரிகள் பலர். பழைய அரச குடும்பத்து வாரிசு ஒருவருக்கு ஆதரவாகக் குஜராத் சுல்தான் அஹ்மத் ஷா 1438இல் படையோடு வந்து மாண்டுவைச் சூழ்ந்துகொண்டார். முற்றுகை என்றால் என்ன என்பதைச் செஞ்சிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை நம் கோட்டையை எட்டு ஆண்டுகள் சூழ்ந்து நின்றது. மதில் எவ்வளவு உயரமாக இருந்தாலும் உள்ளே அரிசி தீர்ந்தால் கோட்டை விழுந்துவிடும்.

அப்போது மஹ்மூத் அரசாங்கக் களஞ்சியங்களைத் திறந்துவிட்டார். ஏழைகளுக்குத் தானியம் கொடுத்தார். சமைத்த உணவு வழங்கும் லங்கர்களையும் ஏற்படுத்தினார். வெளியே முற்றுகையிட்ட படையின் பாளையத்தைவிடக் கோட்டைக்குள் தானியம் மலிவாகக் கிடைத்தது என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இதற்கிடையே குஜராத் படையில் கொள்ளைநோய் பரவியது. அஹ்மத் ஷா முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார்.

பஞ்சத்திலும் முற்றுகையிலும் மக்களுக்குச் சோறு போடுவது அரசின் வேலை என்பது அந்த இளம் சுல்தானுக்குப் புரிந்திருந்தது. களஞ்சியத்தைப் பூட்டி வைத்துவிட்டு, மக்களே ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளட்டும் என்று அவர் சொல்லவில்லை.

தந்தையின் மரணம்

அடுத்த சில ஆண்டுகள் போரிலேயே கழிந்தன. டெல்லிவரை படை நடத்திப் போய் முடிவு காணாமல் திரும்பினார். 1442இல் மேவாரின் ராணா கும்பாவின் மீது படையெடுத்தார். அந்தப் படையெடுப்பில் கோயில்கள் இடிக்கப்பட்டதும் வரலாற்றில் பதிவாகியுள்ளது.

அந்தப் போருக்கு நடுவே, மந்தசோரில் இருந்த தந்தை இறந்துவிட்ட செய்தி மஹ்மூதுக்கு வந்தது. போர்க்களத்தில் எத்தனையோ மரணங்களைப் பார்த்தவர் இந்த ஒரு மரணத்தில் உடைந்து போனார். தலைமுடியைப் பிய்த்துக்கொண்டார், புத்தி பேதலித்தவரைப் போலப் புலம்பினார் என்று ஃபிரிஷ்தா என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். ஒரு பேரரசர் பலர் முன்னிலையில் நிலைகுலைந்ததை அவர் மறைக்காமல் பதிவு செய்தார்.

நம் வீடுகளிலும் இது நடக்கிறது. மகனைப் பறிகொடுத்த தாய், கடனில் மூழ்கிய வியாபாரி, பிள்ளை பெற்ற சில நாட்களில் காரணமின்றி அழும் மருமகள், வளைகுடாவிலிருந்து வேலை இழந்து திரும்பி அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கும் தம்பி. இவர்களைப் பார்த்து ஈமான் குறைந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு. தந்தைக்காக அழுது நிலைகுலைந்த அந்த சுல்தான் மீண்டும் எழுந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி செய்தார். மனம் நோய்ப்படும், தேறவும் தேறும். கோழைக்கும் வரும், வீரனுக்கும் வரும்.

தாருஷ் ஷிஃபா

ஹிஜ்ரி 849, அதாவது கி.பி. 1445 வாக்கில், சுல்தான் மஹ்மூத் மாண்டுவில் ஒரு தாருஷ் ஷிஃபாவை, அதாவது மருத்துவமனையை நிறுவினார். நகரத்தில் ஏற்கெனவே மதரஸாவும் எழுப்பியிருந்தார். ஹோஷங் ஷா தொடங்கி வைத்த ஜாமிஆ மசூதியைப் பின்னர் 1454இல் கட்டி முடித்தவரும் இவர்தான்.

இந்த மருத்துவமனை பற்றிய பழைய பதிவில் மூன்று செய்திகள் உள்ளன. மூன்றும் சேர்ந்தால்தான் அவர் செய்த காரியத்தின் முழுமை புரியும்.

முதலாவது, மருந்துக்கும் நோயாளிகளின் தேவைக்கும் சில கிராமங்களின் வருவாயை அவர் வக்ஃபாக எழுதிவைத்தார். கட்டடம் கட்டித் திறந்துவைத்ததோடு நிற்கவில்லை. ஒவ்வோர் அறுவடையிலும் அந்தக் கிராமங்களிலிருந்து வரும் வரிப்பணம் மருத்துவமனைக்கு வந்து சேரும்படி ஏற்பாடு செய்தார்.

இரண்டாவது, மௌலானா ஃபஸ்லுல்லாஹ் ஹகீம் என்ற மருத்துவரை அதற்குப் பொறுப்பாளராக நியமித்தார். பொறுப்பு இன்னாருக்கு என்று பெயர் சொல்லி ஒப்படைக்கப்பட்டது.

மூன்றாவது, அவருடைய பொறுப்பில் மற்ற நோயாளிகளோடு மனநிலை பாதிக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்து கொடுக்கும் இடத்திலேயே புத்தி தடுமாறியவருக்கும் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்பது அரசாணையானது. இந்திய மனநல மருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் இன்றும் மாண்டுவின் இந்த மருத்துவமனையைக் குறிப்பிடுகிறார்கள்.

சுல்தான் இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இஸ்லாமிய உலகில் அதற்கு நீண்ட மரபு இருந்தது. டமாஸ்கஸில் நூருத்தீன் ஸங்கி (ரஹ்) 1154இல் நிறுவிய பீமாரிஸ்தான், கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவிய மன்சூரி மருத்துவமனை, அலெப்போவில் 1354இல் எழுந்த அர்கூன் மருத்துவமனை ஆகிய எல்லாவற்றிலும் மனநோயாளிகளுக்கு இடம் இருந்தது. எல்லாமே வக்ஃபு வருவாயில் நடந்தன. கடை வாடகை, தோட்டம், குளியலறைக் கட்டணம் என்று ஏதாவது ஒரு நிரந்தர வருமானம் மருத்துவமனைக்குக் கட்டிவைக்கப்பட்டிருந்தது. அந்த மரபை இந்திய மண்ணில் ஒரு மலைக்கோட்டையில் நட்டவர் மஹ்மூத்.

இதற்கு ஃபிக்ஹில் உறுதியான அடிப்படை இருக்கிறது. ஷரீஅத் பாதுகாக்க வந்த ஐந்து அடிப்படைகளாக மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் ஆகியவற்றை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்ற அறிஞர்கள் வகுத்தார்கள். அறிவு அதில் ஒன்று. புத்தி தடுமாறியவர் மீது தொழுகையும் நோன்பும் கடமையில்லை. அவருடைய சொத்தைப் பிறர் சுருட்டிவிடாமல் காக்கப் பொறுப்பாளர் வேண்டும். இந்தச் சட்டங்களை மதரஸாவில் எல்லோரும் படிக்கிறோம். மனநோயாளி குற்றவாளி அல்லர், உரிமை உள்ள மனிதர் என்பதுதான் அவற்றின் சாரம்.

கருவூலம் யாருடையது

மஹ்மூதின் ஆட்சிமுறையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. அவருடைய எல்லைக்குள் ஒரு வியாபாரியோ வழிப்போக்கரோ கொள்ளையரிடம் பொருளை இழந்தால், இழப்பைக் கருவூலத்திலிருந்து ஈடு செய்துவிடுவார். பிறகு அந்தப் பகுதியின் காவலுக்குப் பொறுப்பான அதிகாரியிடம் அந்தத் தொகையை வசூலிப்பார். இதனால் பயணிகள் அச்சமின்றித் தங்கினார்கள் என்று ஃபிரிஷ்தா எழுதுகிறார்.

இதையும் மருத்துவமனையையும் சேர்த்துப் பார்த்தால் அவருடைய எண்ணம் விளங்கும். ஒருவருக்கு நேர்ந்த கேட்டை அவருடைய தலையெழுத்து என்று விட்டுவிடாமல், பொதுப் பணத்தில் சுமையைப் பகிர்ந்துகொண்டு, பொறுப்பாளரிடம் கணக்குக் கேட்பது. மாண்டுவில் ஜைன வணிகர்கள் செழித்து வாழ்ந்ததும் இக்காலத்தில்தான். 1439இல் அங்கே படியெடுக்கப்பட்ட ஜைனர்களின் கல்பசூத்திர ஓவியச் சுவடியில் மஹ்மூதின் ஆட்சி குறிப்பிடப்பட்டுள்ளது.

ஒரு ஆலிம் சொன்ன உண்மை

ஆனால் போர் ஆசை அவரை விடவில்லை. ஹோஷங் ஷாவின் மக்பராவையும் பள்ளிவாசலையும் கட்டி முடித்த அதே கைகள் குஜராத்தோடும் மேவாரோடும் தக்காணத்தோடும் ஓயாமல் போரிட்டன. மேவாரை வென்றதாக மாண்டுவில் ஏழு அடுக்குக் கோபுரம் ஒன்றை எழுப்பினார். மறுபுறம் ராணா கும்பா, தான்தான் வென்றதாகச் சித்தூரில் ஜயஸ்தம்பம் எழுப்பினார். ஒரே பகைக்கு இரண்டு வெற்றிக் கோபுரங்கள்!

1460களின் தொடக்கத்தில் பாமினி அரியணையில் சிறுவன் ஒருவன் இருந்த சமயம் பார்த்து மஹ்மூத் தக்காணத்தின் மீது படையெடுத்து பீதர்வரை வந்தார். உணவில் ஹலால் பேணுவதில் மிகுந்த எச்சரிக்கை உள்ளவர் அவர். படையெடுப்பிலும் தன் உணவுக்கான பொருட்களைத் தனியே வைத்திருந்தார். காய்கறி தீர்ந்தபோது, ஹலாலான பணத்தில் விளைந்த காய்கறி எங்கே கிடைக்கும் என்று பீதரில் இருந்த ஒரு ஆலிமிடம் விசாரித்தார். அந்த ஆலிம் அஞ்சவில்லை. முஸ்லிம்களின் நாட்டின் மீது படையெடுத்து, வீடுகளைச் சூறையாடிவிட்டு, கீரையில் மட்டும் ஹலால் தேடுவது அறிவுக்கும் மார்க்கத்துக்கும் பொருந்தாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். சுல்தான் அவரைத் தண்டிக்கவில்லை. கண் கலங்கி அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்.

ஆலிம்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. அதிகாரத்தில் இருப்பவரிடம் பணம் எங்கே போகிறது என்று கேட்பது மார்க்கப் பணியில் சேரும்.

கெய்ரோவிலிருந்து வந்த மரியாதை

1465 வாக்கில் கெய்ரோவில் இருந்த அப்பாஸிய கலீஃபா அல்முஸ்தன்ஜித், மஹ்மூதின் ஆட்சியை அங்கீகரித்து அங்கியும் ஆணையும் அனுப்பினார். தொலைதூர மலைக்கோட்டையில் இருந்த ஒரு மன்னருக்கு அது பெரும் சிறப்பு. அந்தத் தூதர் புறப்பட்டு வந்த கெய்ரோ நகரில் கலாவூனின் மருத்துவமனை அப்போது 180 ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. கலாவூனின் வம்சம் அரியணையை இழந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. மருத்துவமனை நிற்கவில்லை. காரணம், அது எந்த மன்னரின் தயவிலும் நடக்கவில்லை, எழுதிவைத்த வக்ஃபில் நடந்தது.

1469இல், ஒரு படையெடுப்பிலிருந்து திரும்பும் வழியில், கடும் வெயிலில் நோயுற்று மஹ்மூத் இறந்தார். வயது அறுபத்தெட்டு. முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆண்டார். பெரும்பாலான ஆண்டுகள் கூடாரத்தில்தான் கழிந்தன. அவருக்குப் பின் மகன் கியாஸுத்தீன் அரியணை ஏறினார். 1531இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷா மால்வாவைப் பிடித்தார். பிறகு அக்பரின் படை வந்தது.

இன்று மாண்டுவுக்குச் செல்பவர்கள் ஜஹாஸ் மஹாலையும் ஜாமிஆ மசூதியையும் பார்க்கிறார்கள். மஹ்மூதின் வெற்றிக் கோபுரத்தில் அடித்தளம்தான் மிச்சம். அவருடைய மக்பராவும் இடிந்து கிடக்கிறது. முப்பத்து மூன்று ஆண்டுப் போர்களில் பிடித்த நாடுகள் யார் யார் கைக்கோ போய்விட்டன. சில கிராமங்களின் வருவாயை நோயாளிகளுக்கு எழுதிவைத்த அந்தச் செயலுக்காக, ஆறு நூற்றாண்டுகளை நெருங்கும் இக்காலத்தில் நாம் அவரை நினைக்கிறோம்.

மாண்டுவிலிருந்து நம் வாசலுக்கு

அந்தப் பொறுப்பு இன்று யாரிடம் இருக்கிறது? நம் தமிழ் மண்ணில் அரசு சார்ந்த முதல் மனநல விடுதி 1794இல் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தொடங்கியது. பின்னர் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. அந்த ஊரின் பெயரையே கேலிச் சொல்லாக்கிவிட்டது நம் சமூகம். நோயாளியை ஊரை விட்டுத் தொலைவில் ஓரிடத்தில் அடைத்து வைப்பதுதான் சிகிச்சை என்ற எண்ணம் அப்போது வேரூன்றியது.

தொலைவில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வழியில்லாதவர்களும், போக வெட்கப்பட்டவர்களும் வேறு இடங்களைத் தேடினார்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் எதிரிகள் அல்லர், பெற்றோரும் உடன்பிறந்தோரும்தான். வீட்டுக்கு அருகில் மருத்துவரும் மருந்தும் கிடைத்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் அங்கே வந்திருப்பார்கள்?

உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த வழக்கை எடுத்தது. பின்னர் ஏர்வாடி தர்காவிலேயே துஆவோடு தவாவும், அதாவது பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கும்படி அரசு மருத்துவர்கள் அமர்த்தப்பட்டார்கள். 2017இல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் சேவைகளில் மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் வந்தது திருச்சிக்கு. மனநல மருத்துவர் குழு முறைவைத்து வட்ட மருத்துவமனைகளுக்கு வந்து நோயாளிகளைப் பார்ப்பதும், இலவசமாக மருந்து கொடுப்பதும் இதன் நோக்கம். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் ஒரு நாள் கூலியை இழந்து போக வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய நன்மை.

ஆனால் பணம்? 12ஆவது ஐந்தாண்டுத் திட்டக் கால விதிமுறைப்படி, ஒரு மாவட்டத்துக்கு இத்திட்டத்தில் ஒன்றிய அரசு தரும் உதவி ஆண்டுக்கு அதிகபட்சம் 83.2 லட்சம் ரூபாய். 2011 கணக்கெடுப்பின்படி இன்றைய விழுப்புரம் மாவட்ட எல்லைக்குள் சுமார் 21 லட்சம் மக்கள். வகுத்துப் பாருங்கள்: ஒருவருக்கு ஆண்டுக்கு நான்கு ரூபாய். செஞ்சிப் பேருந்து நிலையத்தில் அரை டீ கூட வராது. ஒன்றிய அரசின் சுகாதார நிதியில் மனநலத்துக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான் போகிறது. அதிலும் பெரும்பகுதி பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களுக்கு. அவையும் தேவை. ஆனால் செஞ்சியிலும் மேல்மலையனூரிலும் இருக்கும் நோயாளிக்கு, தன் வட்டத்து மருத்துவமனையில் மாதம் தவறாமல் கிடைக்கும் மாத்திரைதான் வாழ்வு. மாத்திரை ஒரு மாதம் நின்றால் நோய் திரும்பும். அதனால்தான் வந்தால் வரும் நிதி இதற்கு உதவாது. மாண்டுவின் கிராமங்களைப் போல உறுதியான வருவாய் வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

வரிப்பணத்தில் இருந்து இந்தச் சேவை நடக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. கிராம சபையிலும், சட்டமன்ற உறுப்பினரிடமும், மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் சாலைக்கும் குடிநீருக்கும் மனு கொடுக்கிறோம். எங்கள் வட்ட மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் எந்த நாளில் வருகிறார், மருந்து இருப்பு இருக்கிறதா என்றும் மனு கொடுக்கலாம். எல்லா சமுதாய மக்களோடும் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை இது.

ஜமாஅத்துகளுக்கும் வேலை இருக்கிறது. பைத்துல் மாலிலிருந்து ஏழை நோயாளிக்கும் கூட வருபவருக்கும் பேருந்துச் செலவு கொடுக்கலாம். பெண்களுக்குத் துணையாகச் செல்ல ஒரு பெண்ணை ஏற்பாடு செய்யலாம். கடையோ நிலமோ வக்ஃபு செய்ய நினைக்கும் வசதி படைத்தவர்கள் இந்த நோக்கத்தையும் பத்திரத்தில் எழுதிவைக்கலாம். ஆனால் ஜமாஅத்தின் உதவி அரசின் பொறுப்புக்கு மாற்றாகிவிடக் கூடாது. மருத்துவரை அனுப்ப வேண்டியது அரசு. அவரிடம் நோயாளியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நாம்.

ஓதிப் பார்க்கும்படி நோயாளியை அழைத்து வந்தால் இமாம்கள் துஆ செய்யட்டும். மருத்துவரிடம் போனீர்களா என்ற கேள்வியையும் அப்போதே கேட்கட்டும். மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை மருத்துவருக்குத்தான் உண்டு. அவசரத்துக்கு டெலிமானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இருக்கிறது. தமிழிலும் பேசலாம். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரத்துக்குக் கீழே இந்த எண்ணையும், மருத்துவர் வரும் நாளையும் எழுதிப் போட ஒரு சாக்பீஸ் போதும்.

சுல்தான் மஹ்மூத் குறையில்லாத மனிதர் அல்லர். அவருடைய நன்மைக்கும் தீமைக்கும் கணக்குக் கேட்பவன் அல்லாஹ். வாளைக் கையில் ஏந்திய அந்த மன்னரும், புத்தி தடுமாறிய மனிதனுக்குப் பொதுப்பணத்தில் பங்கு உண்டு என்று 1445இலேயே ஏற்றுக்கொண்டார். நாமும் அதை ஏற்று, நம் ஊரில் ஒரு நோயாளியாவது சங்கிலியிலிருந்தும் இருட்டறையிலிருந்தும் வெளியே வரக் காரணமாக இருக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! நோயுற்ற உள்ளங்களுக்கு ஷிஃபாவையும், அவர்களைச் சுமக்கும் குடும்பங்களுக்குப் பொறுமையையும் பொருள் வசதியையும் தருவானாக! ஆமீன்.